மறுகை

மருதாயியைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல நான் என்னைத்தான் வையணும். வையாம ஆரம்பிச்சா அது பொய்க்கதை. இந்தா பாருங்க என் கை. பத்து விரலும் நல்லாத்தான் இருக்கு. போடியில ஏலக்காய் பொறுக்குறதுல பாண்டியம்மா கை தங்கக் கைன்னு ஒன்பது வருசம் பேரு வாங்குன கை. இந்தக் கைக்கு ஒரு காயைக்கூட ஒழுங்காப் பொறுக்கத் தெரியாதுன்னு எனக்கே தெரிஞ்சது எண்பத்தொண்ணாம் வருசம் ஐப்பசியில.

நாங்க வெள்ளாமை பாக்குற சம்சாரி வீடு. எங்க வீட்டுக்காரருக்கு ராசிங்காபுரம் ரோட்டுல ரெண்டு ஏக்கரு காடு. எழுபத்திரெண்டுல மழை ஏமாத்திருச்சு, நான் ஏலக்காய் கிட்டங்கி வேலைக்குப் போனேன். கிட்டங்கின்னா பெரிய ஓட்டுக் கொட்டகை. மலையில இருந்து ஜீப்புல மூடை மூடையாக் காய் எறங்கும். சல்லடையில சலிச்சுப் பெருசு சிறுசு பிரிச்சு எங்ககிட்டக் கொட்டுவாக. நாங்க வரிசையா உக்காந்து சொளகுல பரப்பி, வெடிச்சது, வெளுத்தது, புழு தொளைச்சது, உள்ள அரிசி, அதான் வெதை, இல்லாத சொத்தை, எல்லாத்தையும் கையால பொறுக்கித் தள்ளணும். மிச்சம் நிக்கிற பச்சைக்காய் தராசுக்குப் போகும். அங்கயிருந்து வடக்க எங்கெங்கயோ போகும்.

மருதாயியும் அதே மாசந்தான் வேலைக்கு வந்தா. காலனிக்காரி. ஒல்லி, கறுப்பு, முன்பல்லு ஒண்ணு லேசாத் தெத்தியிருக்கும். புருசனுக்குப் போடிமெட்டுக்கு மேல எஸ்டேட்டுல வேலை, மாசத்துக்கு ஒருக்காத்தான் எறங்கி வருவான். ஒரே மக, சந்திரவல்லி. மருதாயி என்னைவிட நாலு வயசு மூப்பு. ஆனா அவ என்னை ஆத்தாம்பா, நான் அவளை ஏய் மருதாயிம்பேன். எனக்கு அது வித்தியாசமாவே தெரியல. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு நான் கேட்டதும் இல்ல.

கிட்டங்கியில ஒரு வழக்கம் இருந்துச்சு. மறுகைன்னு பேரு. மேல, சிமிண்டுத் தரையில நாங்க நாப்பது பேரு. காலனிப் பொம்பளைக எட்டுப் பேரு கீழ, வாசப்பக்கம் தூசி பறக்குற எடத்துல. அவுக பொறுக்குன காய் நேராத் தராசுக்குப் போகக்கூடாது. மேல இருக்குற எங்கள்ல ஒருத்தி சொளகுல கொட்டணும். நாங்க அதை ஒரு தடவை கையால அளைஞ்சுவிட்டு, எங்க நம்பர் சீட்டைப் போட்டுக் கொண்டு போவோம். ஏன்னு கேட்டா, காய் கோயிலுக்குப் போகும், கல்யாண வீட்டுக்குப் போகும், கடைசியாத் தொட்ட கை நம்ம கையா இருக்கணுமாம். அட கருமமே! திங்கிறவன் எங்கயோ ஒரு மூலையில இருக்கான். எந்தக் கை தொட்டுச்சுன்னு அவனுக்கு என்ன சோசியமா தெரியும்? ஆனா அன்னிக்கு நான் அப்படிக் கேக்கல. நான் போனப்பவே சொளகு இருந்துச்சு, தராசு இருந்துச்சு, இதுவும் இருந்துச்சு.

என் நம்பர் ஏழு. என் சொளகுக்குக் கீழாளு மருதாயி. ஆரம்பத்துல என் பங்கை நான் பொறுக்கினேன், அவ பங்கை அவ பொறுக்கினா. ஒரு மாசம் போகல, என் பங்கையும் அவகிட்டத் தள்ளிட்டேன். ரெண்டு பேரு சோலியையும் அவளே வெரசா முடிச்சிருவா. நான் பதினொண்ணாம் நம்பர் பொன்னுமணிகிட்ட ஊர்க்கதை பேசிக்கிட்டு உக்காந்திருப்பேன்.

அவ பொறுக்குறதைப் பாக்கணுமே! ஒரு பிடி காயை எடுத்து ஒரு சாண் ஒசரத்துல இருந்து சொளகுல விடுவா. தலையைச் சாச்சுக் கேப்பா. "இதுல மூணு சொத்தை கெடக்கு ஆத்தா" ம்பா. நான் வம்புக்குன்னே அந்தப் பிடியை ஒவ்வொண்ணா ஒடைச்சுப் பாத்திருக்கேன். மூணுதான் இருக்கும். ரெண்டும் இருக்காது, நாலும் இருக்காது. யாத்தே, காதா அது! பொறுக்கி முடிச்சு என் சொளகுல கொட்டிட்டுச் சிரிப்பா. "தடவிக் குடுங்க ஆத்தா, உங்க கை பட்டாத்தான் காய்க்குத் தூக்கம் வரும்." கேலி பண்றான்னு தெரியும். ஆனா கேலியில என்ன சொல்றான்னு நான் யோசிக்கல.

மேனேஜர் வெள்ளைத்துரை தராசுகிட்ட நின்னு காயை அள்ளிப் பாத்து, "ஏழாம் நம்பருன்னா கண்ணை மூடிக்கிட்டு லோடு ஏத்தலாம்" ம்பாரு. எழுபத்தொன்பது பொங்கலுக்கு நல்ல கைன்னு எனக்கு ஒரு சேலை குடுத்தாக. மாம்பழக் கலரு. அதைக் கட்டிக்கிட்டு வந்து முதல்ல யாருகிட்டக் காட்டுனேன்னு நெனைக்கிறீக? மருதாயிகிட்டத்தான். வெக்கங்கெட்ட கழுதை நான். அவ முந்தியைத் தொடாம, எட்ட நின்னே பாத்துட்டு, "கலரு எடுப்பா இருக்கு ஆத்தா" ன்னா. நானும் பூரிச்சுப் போனேன்.

எண்பத்தொண்ணு ஐப்பசியில சந்திரவல்லிக்குத் தலைப்பிரசவம். தேவாரம் ஊர்ல கட்டிக் குடுத்திருந்தா, இங்க கூட்டியாறதுக்குள்ள வலி கண்டுருச்சு. மருதாயி என்கிட்டச் சொல்லிட்டு எட்டு நாளு அங்க போயிட்டா. பேத்தி பெறந்த சேதி வந்தப்ப, என்ன பேருன்னு கேட்டு நானே ஆள் விட்டேன். சரி, காய் பொறுக்குறது என்ன மலையைப் புடுங்குற வேலையா, நானே பொறுக்கிக்கிறேன்னு உக்காந்தேன். எட்டு நாளும் நானே பொறுக்கினேன். அவளை மாதிரியே ஒரு பிடி அள்ளி விட்டும் பாத்தேன். ஒரு எழவும் கேக்கல. ஆனாலும் பாக்கப் பச்சையாத்தான் இருந்துச்சு. ஏழுன்னு சீட்டுப் போட்டுத் தராசுக்குக் கொண்டு போனேன். ஏழாம் நம்பராச்சே, வெள்ளைத்துரை குனிஞ்சுகூடப் பாக்கல. லோடு ஏறிருச்சு.

பதினஞ்சு நாள்ல அந்த மூடை திரும்பி வந்துச்சு. வெள்ளைத்துரை அதை எல்லாருக்கும் முன்னாடி அவுத்து ஒரு தாம்பாளத்துல கொட்டுனாரு. ஆத்தாடி! புழு தொளைச்ச காய், வெளுத்த காய். ஒரு பிடியை ஒடைச்சா பாதிக்கு உள்ள அரிசியே இல்ல. உள்ள கெடந்த சீட்டை எடுத்து வாசிச்சாரு. ஏழு. இப்ப என்னைக் கூப்புடப் போறாருன்னு முந்தியை இழுத்துச் சொருகிக்கிட்டேன். அவரு என் பக்கமே திரும்பல. வாசப்பக்கம் பாத்து, "மருதாயி, இங்க வா" ன்னாரு.

பேத்தி பெறந்த சந்தோசத்துல வேலைக்குத் திரும்பியிருந்தா பாவம். எந்திரிச்சு வந்தா.

"கண்ணு கெட்டுப்போச்சா உனக்கு? நாளையில இருந்து வராத."

மருதாயி தாம்பாளத்தைப் பாத்தா. ஒரு பிடி அள்ளி விட்டுக் கேட்டா. மொகம் சுருங்கிருச்சு. "அய்யா, இது என் கை இல்ல. தேதியைப் பாருங்க. அந்த எட்டு நாளும் நான் தேவாரத்துல இருந்தேன்."

"புஸ்தகத்தைக் கொண்டா" ன்னாரு வெள்ளைத்துரை. ஆள் வந்ததுக்குக் கோடு போடுற புஸ்தகம். அந்த வாரத்தைத் திருப்பி அவ முன்னாடி விரிச்சாரு. "ஏழு, பாண்டியம்மாள். எட்டு நாளும் வந்திருக்கு. உன் பேரு எங்க இருக்கு காட்டு."

அவளுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். வெரலை வச்சு ஒவ்வொரு வரியாத் தேடுறா. இல்ல. முந்தின மாசம் திருப்பினா, இல்ல. முந்தின வருசம், இல்ல. நானும் எட்டிப் பாத்தேன். ஒன்பது வருசத்துப் புஸ்தகத்துல எட்டுக் காலனிப் பொம்பளைக பேரும் ஒரு நாளுக்குக்கூட இல்ல. எனக்கு அப்பத்தான் வேற ஒண்ணும் மண்டையில ஒறைச்சுச்சு. வருசத்துக்கு ஒருக்கா கவர்மெண்டு ஆபீசரு ஒருத்தரு வருவாரு, எல்லாரையும் ஒண்ணுபோல நடத்துறாகளான்னு பாக்க. அவரு வர்ற அன்னிக்கு எட்டுப் பேரையும் பின்சந்துல போயி நிக்கச் சொல்லிருவாக. அவரு புஸ்தகத்தைப் பாப்பாரு, நாப்பது பேரு, நாப்பது பேரும் உக்காந்திருக்கோம், கையெழுத்துப் போட்டுட்டுக் காப்பி குடிச்சிட்டுப் போயிருவாரு. சந்துல நிக்கிறவளுக எதுக்கு நிக்கிறாளுகன்னு நான் ஒரு நாளும் கேக்கல.

"நீ என்னிக்கு வந்தே, என்னிக்கு வரலைன்னு நான் எதைப் பாத்துச் சொல்றது?" ன்னாரு வெள்ளைத்துரை.

வந்ததுக்கே எழுத்து இல்ல. வராததுக்கு எங்க போயிச் சாட்சி தேடுவா? அவ புஸ்தகத்துல இருந்து நிமிந்து என்னைப் பாத்தா. "ஆத்தா, நீங்க சொல்லுங்க. நான் சொல்லிட்டுத்தானே போனேன்?"

கொட்டகையே என்னைப் பாக்குது. என் வாயில இருந்து ஒரு வார்த்தை வந்துச்சு பாருங்க, அந்த வாயை அம்மியில வச்சு நசுக்கணும். "எனக்கு நெனப்பில்லையே" ன்னுட்டேன்.

அவ அழுகல. அப்புறம் வாசல்ல போயி நின்னா. காய் திருடலைன்னு காட்ட எல்லாரும் வெளிய போறப்ப முந்தியை ஒதறிக் காட்டணும், அது அங்க சட்டம். அன்னிக்கும் ஒதறிக் காட்டிட்டுத்தான் போனா.

வீட்டுல வந்து எங்க வீட்டுக்காரருகிட்டச் சொன்னேன். சோறு தின்னுக்கிட்டே, "விடு, நமக்கெதுக்கு வம்பு" ன்னாரு. எனக்குச் சோறு எறங்கல. நாலு நாளு வேலைக்குப் போயிட்டு வந்தேன். நாலு நாளும் என் சொளகைப் பாக்கவே பயமா இருந்துச்சு. அஞ்சாம் நாளு வெள்ளைத்துரை ரூமுக்குள்ள போயி நின்னேன்.

"மேனேஜரய்யா, அந்த மூடை நான் பொறுக்கினது. மருதாயி அப்ப ஊர்லயே இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்."

குதிப்பாரு, வைவாரு, வெளிய போன்னு கத்துவாருன்னு நெனச்சேன். மனுசன் சிரிக்கிறாரு! "எனக்குத் தெரியாதா பாண்டியம்மா? ஒன்பது வருசமாத் தெரியும் யாரு பொறுக்குறான்னு."

"தெரிஞ்சுமா அவளை அனுப்புனீக?"

"கெட்டது உன் கைன்னு எழுதுனா, அப்ப நல்லது யாரு கைன்னு எழுதுறது? யோசிச்சுப் பாரு. சேலையைத் திருப்பிக் குடுக்குறியா?" ன்னாரு. "போயி சோலியைப் பாரு."

அடப்பாவி மனுசா! நான் என்னமோ என் ஒருத்தி பொய்யின்னு நெனச்சு நாலு நாளாச் செத்துக்கிட்டு இருக்கேன். கொட்டகை முழுக்க அந்தப் பொய் மேலதான் நிக்குது. அவருக்குத் தெரியும், மொதலாளிக்குத் தெரியும், மத்த முப்பத்தொன்பது பேருக்கும் தெரியும். தெரியாதவ நான் ஒருத்திதான், அதுவும் தெரிய வேணாம்னு இருந்தவ. வெளிய வந்து தண்ணித்தொட்டிகிட்ட உக்காந்துட்டேன். கோபமான்னா கோபம், வெக்கமான்னா வெக்கம். ரெண்டும் சேந்து காதெல்லாம் சுட்டுச்சு.

மறுநாள் காலையில பேரு கூப்புட்டாக. "ஏழு, பாண்டியம்மா."

நான் ஏழாம் சொளகு முன்னாடிதான் உக்காந்திருந்தேன். "இல்ல" ன்னேன்.

"என்ன இல்ல?"

"ஏழாம் நம்பர் வரல. ஏழாம் நம்பரை நீங்கதான் போகச் சொல்லிட்டீகளே."

வெள்ளைத்துரைக்கு மொகம் செவந்து போச்சு. "கிறுக்குப் புடிச்சிருக்கா?" ன்னுட்டு அடுத்த நம்பருக்குப் போயிட்டாரு. அன்னிக்கு எனக்குக் கோடு விழல. மறுநாளும் அதேதான். மூணாம் நாளு பொன்னுமணி, அவ கீழாளு மூக்கம்மாளை ஒரு பார்வை பாத்துட்டு, "பதினொண்ணும் இல்லைங்கய்யா" ன்னா. அவளா சொன்னான்னு எனக்கே நம்ப முடியல. ஊரே சேந்து வந்துச்சுன்னெல்லாம் சொல்ல மாட்டேன். நாங்க ரெண்டு பேருதான். மத்தவளுக, "திமிரு புடிச்ச முண்டைக, நம்ம பொழப்பையும் சேத்துக் கெடுக்குறாளுக" ன்னு மொகத்துக்கு நேராவே ஏசுனாளுக. எங்க வீட்டுக்காரரு பத்து நாளு என்கிட்ட மொகம் குடுத்துப் பேசல.

எங்களைக் காப்பாத்துனது நியாயம் இல்லீங்க, சொத்தைக்காய். அந்த எட்டு நாள்ல நான் பொறுக்குன காயில இன்னொரு லோடும் அந்த வாரத்துல திரும்பி வந்துருச்சு. மொதலாளியே கிட்டங்கிக்கு வந்துட்டாரு. ஒரு பிடி காயை எடுத்துப் பாத்துட்டு வெள்ளைத்துரை முன்னாடியே வீசுனாரு. "எவ பொறுக்கிக்கிட்டிருந்தாளோ அவளைக் கூட்டியா. சீசன் போயிட்டிருக்கு." அவரும் கேக்கல பாருங்க, எவ அதுன்னு. அவருக்கும் தெரியும்.

கூப்புடப் போனவ நான். காலையில ஆறு மணிக்கு ஜீப்பு ஸ்டாண்டு. போடிமெட்டு ஏறுற ஜீப்புக்குள்ள பத்துப் பேரு ஒக்கார்ற எடத்துல இருவது பேரு. அதுல மருதாயி. அட்டை கடிக்காம இருக்க முழங்கால் வரைக்கும் சாக்கைச் சுத்தியிருந்தா. கிட்டங்கியில உக்காந்து பொறுக்குனவ, நாப்பத்திமூணு வயசுல குளிர்ல நின்னு காய் எடுக்கப் போறா. சாக்குக்கு வெளிய தெரிஞ்ச ரெண்டு பாதத்துலயும் கடிச்ச தடம் புண்ணாக் கெடந்துச்சு.

"மருதாயி, எறங்கு. மொதலாளி வரச் சொல்றாரு."

அவ எறங்கல. அன்னிக்குத்தான் அவ கோபத்தை நான் பாத்தேன். "ஒன்பது வருசம் உங்க பேருக்கு நான் காய் பொறுக்கினேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு எனக்குன்னு ஒரு வார்த்தை பொறுக்கிப் போட ஒங்களுக்கு வாய் வரலையே ஆத்தா. நெனப்பில்லையோ? என் பேத்தி பேரு கேட்டு விட்டீகளே, அதுவுமா நெனப்பில்ல?"

ஜீப்புல இருந்த அத்தனை பேரும் பாக்குறாக. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். "பொய் சொன்னேன். பயந்து போயிச் சொன்னேன். உள்ள போயி அவருகிட்டயும் சொல்லிட்டேன்" ன்னேன். கண்ணுல தண்ணி முட்டிருச்சு. அதைப் பாத்து அவ ஒண்ணும் எளகல.

டிரைவரு ஆரன் அடிச்சான். அவ சாக்கை இறுக்கிக் கட்டிக்கிட்டே, "போயிச் சொல்லுங்க" ன்னா. "புஸ்தகத்துல என் பேரு இருக்கணும். என் சொளகு நேராத் தராசுக்குப் போகணும். மறுகை கெடையாது. எனக்கு மட்டும் இல்ல, எட்டுப் பேருக்கும். சரின்னா நாளைக்கு வர்றேன். இல்லைன்னா இந்த மலையே போதும்." ஜீப்பு போயிருச்சு.

மொதலாளிகிட்ட அப்படியே சொன்னேன். மனசு மாறி ஒத்துக்கிட்டாருன்னு நெனச்சிராதீக. வாசல்ல நின்ன காலி லாரியை ஒரு தடவை பாத்தாரு, "எழுதித் தொலைங்க" ன்னாரு. கோயில், கல்யாணம், கடைசியாத் தொட்ட கை எல்லாம் அந்த ரெண்டு வார்த்தையில போயிருச்சு. இவ்வளவுதானாடா நீங்க பிடிச்ச சாத்திரம்!

மறுநாள் வெள்ளைத்துரை மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் புஸ்தகத்துல நாப்பதுக்குக் கீழ எட்டு வரி எழுதுனாரு. மருதாயி வந்தா. மேல ஏறி வந்து, சிமிண்டுத் தரையில எனக்கு எதிர்க்க உக்காந்து சொளகைப் பரப்பிட்டா. நாலஞ்சு பேரு வெடுக்குன்னு தள்ளி உக்காந்தாளுக. அவ ஏறெடுத்தும் பாக்கல, ஒரு பிடி அள்ளி விட்டுத் தலையைச் சாச்சுக்கிட்டா.

பேரு கூப்புட ஆரம்பிச்சாக. "ஏழு, பாண்டியம்மா." "இருக்கேன்" ன்னேன். நாப்பது வரைக்கும் முடிஞ்சுச்சு.

"நாப்பத்தொண்ணு, மருதாயி."

சத்தமே இல்ல. அவ பாட்டுக்குப் பொறுக்கிக்கிட்டு இருக்கா.

"மருதாயி!"

அப்பவும் இல்ல. காயில மூணு சொத்தைன்னு சத்தத்துல கண்டுபிடிக்கிறவ, தன் பேரைக் கூப்புடுறது கேக்காம உக்காந்திருக்கா. ஒன்பது வருசம் தெனமும் அந்த நேரத்துக்கு நாப்பது பேரு பேரைக் கூப்புடுறதைக் கேட்டுக்கிட்டே காய் பொறுக்கினவ. அதுல தன் பேரு வரும்னு அவளுக்குத் தோணவே இல்ல. மூணாவது தடவை கத்துனப்பத்தான் நிமிந்து, வேற யாரையோ தேடுற மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் பாத்தா.

"உன்னைத்தான்க்கா" ன்னேன். அக்கான்னு அதுவா வந்துருச்சு. "இருக்கேன்னு சொல்லு."

அவ என்னைப் பாத்தா, புஸ்தகத்தைப் பாத்தா. கையில இருந்த காயைச் சொளகுல போட்டுட்டு எந்திரிச்சு நின்னா.

"இருக்கேன்" ன்னா. "எழுதிக்கங்க. எழுபத்திரெண்டுல இருந்து இங்கதான் இருக்கேன்."

வெள்ளைத்துரை பேனாவை எடுத்து, அன்னிக்குத் தேதிக்கு மட்டும் ஒரு கோடு போட்டாரு.